ஏட்டுப் பாட்டும் தட்டுப் பாட்டும்

எழுத்தில் அடங்காத ஒலியும் உண்டு என்பதைத் தொல்காப்பியர் நன்கு அறிந்தவர். உயிரெழுத்து தனக்குரிய மாத்திரையைக் கடந்து நீள்வதும், ஒற்றெழுத்து இசை பெற்று நீடிப்பதும் இசைநூலார்க்கு உரியவை என்று நூன்மரபின் இறுதியில் கூறி அவர் நின்றுவிட்டார். இலக்கணம் பயிற்றுவோர் இந்நூற்பாவை விரைந்து கடந்து செல்வதுண்டு. ஆயினும் அஃது ஓர் எல்லைக்கல். அதற்கு இப்பால் இருப்பது எழுத்து. அப்பால் இருப்பது குரல்.

அந்த எல்லைக்கு அப்பால் இருந்தவற்றுள் பெரும்பகுதியைத் தமிழ் இழந்துவிட்டது. சிலப்பதிகார அரங்கேற்று காதை இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் அமைதிகளை ஒன்றன்பின் ஒன்றாக விரித்துரைக்கிறது. யாழின் ஒலி மட்டும் அந்த ஏட்டில் இல்லை. விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, சுரங்களின் அளவுகளைக் கணக்கிட்டு, 1947இல் 'யாழ் நூல்' என்னும் பெருநூலை வெளியிட வேண்டியதாயிற்று. மறைந்துபோன ஒரு கருவியின் ஒலியைத் தேடுவதற்கு ஓர் அறிஞரின் வாழ்நாள் உழைப்பு தேவைப்பட்டது. மாதவியின் யாழை மூன்று நிமிடம் கேட்க வழி இருந்திருப்பின், அந்த ஆராய்ச்சியின் போக்கே வேறாகியிருக்கும் அன்றோ?

ஒலியைப் பிடித்துவைக்கும் வழி 1877இல் பிறந்தது. அவ்வாண்டில் எடிசன் தம் ஒலிப்பதிவுப் பொறியை அமைத்தார். பத்தாண்டுகள் கழித்து, 1887இல், எமில் பெர்லினர் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். தட்டையான வட்டத் தட்டு அவர் வழி வந்ததே. தமிழர்க்கு அந்த 1887 வேறொரு வகையில் நினைவிற்குரிய ஆண்டு. உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்த ஆண்டும் அதுவே. செல்லரித்துக்கொண்டிருந்த ஏட்டை ஒருவர் அச்சேற்றினார். காற்றில் கரைந்துகொண்டிருந்த குரலை மற்றொருவர் தட்டில் ஏற்ற வழி கண்டார். ஏட்டிலிருந்து வந்ததைத் தமிழாசிரியர்கள் போற்றிக் கற்றார்கள், கற்பித்தார்கள். தட்டிலிருந்து வந்ததை அவ்வாறு செய்தார்களா? இசைத்தட்டில் வந்த தமிழ்ப் பாட்டு ஆராய்ச்சிக்குரிய ஒரு பாடமா, அன்றிக் கழிந்த காலத்துப் பொழுதுபோக்கின் எச்சமா? இவ்வினாவுக்கு விடை காண்பது தமிழ்க் கல்விக்குக் கடமை.

துளையிட்ட தாளும் கீறிய தட்டும்

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் வீட்டுக்குள் இசையைக் கொண்டுவந்த பொறிகள் இரண்டு. ஒன்று கிராமபோன், மற்றொன்று தானாக வாசிக்கும் பியானோ. இரண்டாவதை இன்று பலரும் மறந்துவிட்டனர். 1895இல் எட்வின் வோட்டி என்னும் அமெரிக்கர் அமைத்த 'பியானோலா' அவ்வகையில் பெயர் பெற்றது. அதன் வேலைமுறை எளியது. நீண்ட காகிதச் சுருள் ஒன்றில் துளைகள் இடப்பட்டிருக்கும். காலால் மிதிக்கத் துருத்திகள் காற்றை உறிஞ்சும். சுருள் நகர்ந்து செல்கையில், துளை வந்த இடத்தில் காற்று உட்புகுந்து அதற்குரிய கட்டையைத் தட்டும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துளைவரிசை. 1908இல் அமெரிக்க உற்பத்தியாளர்கள் கூடி, பியானோவின் 88 கட்டைகளுக்கும் பொருந்தும் ஒரே அளவைப் பொதுவாக்கினர். பாட்டின் சொற்களைச் சுருளின் ஓரத்தில் அச்சிடும் வழக்கமும் பின்னர் வந்தது. குடும்பத்தார் பியானோவைச் சுற்றி நின்று, நகரும் சொற்களைப் பார்த்துப் பாடினர். 1920களின் நடுவில் இதன் செல்வாக்கு உச்சத்தில் இருந்தது. வானொலியும், மின்வழி ஒலிப்பதிவும் வந்தபின் சில ஆண்டுகளிலேயே அது சரிந்தது.

இவ்விரு பொறிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஊன்றி நோக்கற்பாலது. காகிதச் சுருளில் இருப்பது இசையன்று, இசைக்குரிய கட்டளை. 'இந்தக் கட்டையை இப்போது தட்டு, இவ்வளவு நேரம் அழுத்து' என்று அது பியானோவுக்குச் சொல்கிறது. தட்டின் வரிப்பள்ளத்தில் இருப்பதோ கட்டளையன்று. ஒருவர் பாடியபோது எழுந்த அதிர்வின் தடம். முன்னது எழுத்தின் இனம். பின்னது குரலின் இனம்.

இவ்வேறுபாடு ஒரு வழக்கு மன்றத்திலும் ஆராயப்பட்டது. பாட்டை அச்சிடும் உரிமை ஒருவரிடம் இருக்க, வேறொருவர் அதைச் சுருளில் துளையிட்டு விற்கலாமா என்ற வினா அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. மனிதர் கண்ணால் படித்தறிய இயலாத துளைகள் இசைத்தாளின் படி ஆகா என்று 1908இல் அம்மன்றம் தீர்ப்புரைத்தது. அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, பொறியில் ஏறும் பாட்டுக்கும் ஆசிரியர்க்குப் பணம் தரவேண்டும் என்றாயிற்று. எது எழுத்து, எது படி என்ற ஐயம் இலக்கணப் புலவர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்று.

தமிழ்ப் பாட்டு பெருக வளர்ந்தது தட்டின் வழியே. இதற்குப் பொருளியற் காரணம் ஒன்று உண்டு: பியானோ செல்வர் வீட்டுப் பொருள், கிராமபோனோ தேநீர்க் கடைக்கும் வரக்கூடியது. அதனினும் ஆழ்ந்த காரணம் இசையின் இயல்பில் இருக்கிறது. பியானோவில் ஒரு தானத்தில் பன்னிரண்டு கட்டைகள். ஒரு கட்டைக்கும் மறு கட்டைக்கும் இடையே வழியில்லை. தமிழ்நாட்டு இசையில் ஒரு சுரத்தின் உயிர், அது அடுத்த சுரத்தை நோக்கி அசையும் அசைவில், கமகத்தில், இருக்கிறது. படிக்கட்டில் ஏறுபவனுக்கும் ஊஞ்சலில் ஆடுபவனுக்கும் உள்ள வேறுபாடு அது. துளையிட்ட தாள் படிக்கட்டைச் சொல்லும், ஊஞ்சலைச் சொல்லாது.

கோவைக் குரலும் பாரிசுப் பியானோவும்

இசையை எழுத்தில் அடக்கும் முயற்சி தமிழரிடையே இல்லாமற் போகவில்லை. ஏ.எம். சின்னசாமி முதலியார் கீர்த்தனைகளை மேனாட்டு இசைக்குறியில் எழுதி 1893ஐ ஒட்டி வெளியிட்டார். எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' கமகங்களுக்கெனத் தனிக் குறிகளையே வகுத்துக் காட்டியது. எழுத்து எவ்வளவு தூரம் செல்ல முடியுமோ அவ்வளவு தூரம் அந்நூல் சென்றது. அக்குறிகளை உருப்படுத்த, முன்பே கேட்டறிந்த ஒரு காது வேண்டும் என்பதும் உண்மை.

அதே காலத்தில்தான் தட்டும் வந்து சேர்ந்தது. கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் தென்னாட்டுக் குரல்களும் பதிவாயின. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர்த் தாயி போன்ற பெண் கலைஞர்களே முன்னணியில் நின்றனர். சபைகளில் ஏறத் தயங்கிய சமுதாயம் ஒருபுறம். ஊதுகுழல் முன் நின்று துணிந்து பாடிய இம்மகளிர் மறுபுறம். தமிழ் இசைத்தட்டின் வரலாற்றைப் பெண்களின் பெயரோடு தொடங்குவதே முறையாகும்.

கோயம்புத்தூர்த் தாயியின் தட்டுக்கு வியத்தகு வரலாறு ஒன்று உண்டு. பிரெஞ்சு இசையறிஞர் இராவெலின் மாணவர் மோரிஸ் தெலாழ் 1911ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியப் பயணம் மேற்கொண்டார். தாயியின் இசைத்தட்டு அவர் மனத்தை ஈர்த்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ்ச் சொற்களோடு, குரலுக்கும் பியானோவுக்கும் உரியதாக 'இராகமாலிகா' என்னும் உருப்படியை அவர் அமைத்தார். அங்கே பியானோவின் இயல்பான ஒலி அவருக்குப் போதவில்லை. ஒரு நரம்பின் கீழே அட்டைத் துண்டைச் செருகி, ஒலியை மழுக்கி வாசிக்குமாறு குறிப்பெழுதினார். பியானோவை மாற்றியமைத்து வாசிக்கும் பிற்கால மேனாட்டு முறைக்கு இது மிகத் தொடக்ககால எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

இந்நிகழ்ச்சி தரும் பாடம் சிறியதன்று. தமிழ் நாட்டில் வாழாத, தமிழ் அறியாத ஒருவர், எழுத்து நூலைக் கொண்டு அன்று, ஒரு தட்டைக் கொண்டே தமிழிசையின் இயல்பைத் தொட்டார். தொட்டவுடன், பியானோவின் எல்லை எது என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கட்டை தோற்ற இடத்தில் அட்டை வந்தது. குரலின் தடம் தனியே நின்று ஆசிரியராக இயங்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

மூன்று நிமிட இலக்கணம்

பழைய தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழல்வது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே கடக்கும்; பன்னிரண்டு அங்குலத் தட்டு நான்கரை நிமிடம் வரை செல்லும். இவ்வளவே இடம். இரவு முழுவதும் நடந்த நாடகத்துக்கும், மணிக்கணக்கில் விரிந்த இராக ஆலாபனைக்கும் பழகிய ஒரு கலைமரபு இந்தச் சிறு வட்டத்துள் புக நேர்ந்தது.

புகுந்தபோது மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. பாட்டு தொடங்கியவுடன் தொடங்கியது என்பது முதலாவது. சுருதி கூட்டி, அவையைப் பழக்கி, மெல்ல ஏறும் பழைய நடைக்கு இடமில்லை. சரணங்கள் பல உடைய பாட்டில் எதை நிறுத்துவது, எதை விடுவது என்ற தேர்வு கட்டாயமாயிற்று என்பது இரண்டாவது. நீண்ட பாட்டாயின் தட்டைத் திருப்பும் இடத்தில் அது முறியும்; ஆகவே எங்கே முறித்தால் பொருள் கெடாது என்று எண்ண வேண்டியிருந்தது என்பது மூன்றாவது. சிந்து, கண்ணி, விருத்தம் ஆகிய சிறு வடிவங்கள் தட்டில் இயல்பாகப் பொருந்தின. ஒரு விருத்தம் தாளக்கட்டின்றி விரிந்து முடிய மூன்று நிமிடம் ஏற்ற அளவு. யாப்பிலக்கணம் அடிக்கு எல்லை வகுத்தது போல, தட்டும் பாட்டுக்கு ஓர் எல்லை வகுத்தது. குறள் இரண்டு அடியில் அடங்குவதைக் குறை என்பார் இல்லை. எல்லை சிறிதாயின் கலை சிறிதாகும் என்ற முடிவு தமிழ் கற்றோர்க்குப் பொருந்தாது.

எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டுகளை இந்த நோக்கில் கேட்டல் தகும். 1906இல் பிறந்து 1933 டிசம்பரில் மறைந்த அக்கலைஞர், இருபத்தேழு ஆண்டே வாழ்ந்தார். நாடக மேடையில் அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிப்பார். ஆர்மோனியமும் பியானோவைப் போலவே கட்டைகளால் ஆனது, கமகம் அறியாதது. அனைத்திந்திய வானொலி 1940இல் அதனை விலக்கியபோது சொன்ன குறைகளுள் இதுவும் ஒன்று. ஆனால் கிட்டப்பாவின் தட்டில் கேட்கப்படுவது என்ன? ஆர்மோனியம் நேர்க்கோடு போல் நிற்க, அதன்மேல் கொடியாகக் குரல் சுற்றி ஏறுகிறது. கட்டை காட்டாத இடைவெளிகளைத் தொண்டை நிரப்புகிறது. மின்னல் போன்ற பிருகாக்கள் உச்சத் தானத்திலும் சிதறாமல் விழுகின்றன. தியாகராசரின் தேவாமிர்தவர்ஷிணிக் கீர்த்தனையை அவர் பாடிய தட்டு, நாடகக்காரர்க்குச் சங்கீதம் வராது என்ற பேச்சுக்கு மூன்று நிமிடத்தில் தந்த விடையாகும்.

கே.பி. சுந்தராம்பாளின் சிறப்பு வேறு வகையினது. கிட்டப்பாவின் தட்டில் ராகம் சொல்லைத் தூக்கிச் செல்லும். சுந்தராம்பாளின் தட்டில் சொல் ராகத்தைச் சுமந்து நிற்கும். எழுத்துக்கு எழுத்துத் தெளிவு. சீருக்குச் சீர் நிறுத்தம். ழகரமும் றகரமும் மயங்காத ஒலிப்பு. வகுப்பறையில் விருத்தம் படித்துக்காட்டும் ஆசிரியர் எவரும் அக்குரலிடம் கற்கத்தக்கது உண்டு. அசை பிரிக்கத் தெரிந்த மாணவனுக்கும் அசை எங்கே இசைக்காக நீள்கிறது என்று தெரிவதில்லை. தொல்காப்பியர் எல்லையில் நிறுத்திய பாடத்தை அத்தட்டு தொடர்ந்து நடத்துகிறது.

மேனாட்டில் இதே ஆண்டுகளில் இதற்கு இணையான ஒன்று நடந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையும் எழுத்தில் அடங்காதது. அதற்கு முன்னிருந்த 'ராக்டைம்' இயற்றி எழுதப்பட்ட பியானோ இசை. ஆகவே காகிதச் சுருளுக்கு எளிதில் வசப்பட்டது. ஜாஸ் அவ்வாறன்று. வாசிக்கும்போதே படைப்பது அது. 1925 முதல் 1928 வரை லூயி ஆம்ஸ்ட்ராங் தம் சிறு குழுவோடு பதிவு செய்த தட்டுகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று நிமிடமே. அத்தட்டுகளை இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மூலபாடமாக வைத்து, நொடி நொடியாக ஆராய்கின்றன. 1901இல் பிறந்த ஆம்ஸ்ட்ராங்கும் 1906இல் பிறந்த கிட்டப்பாவும் ஒரே சிறு வட்டத்துள் தம் பெருங்கலையைச் சுருக்கியவர்கள். முன்னவர்க்குக் கிடைத்த ஆராய்ச்சி பின்னவர்க்குக் கிடைத்ததா என்பது தமிழ் உலகம் தன்னைத்தானே கேட்க வேண்டிய கேள்வி.

துறைமுகத்தின் காதுகள்

இக்கேள்வியைப் பினாங்கிலிருந்து கேட்பதற்குத் தனிப்பொருத்தம் உண்டு. 1786இல் பிரான்சிஸ் லைட் காலூன்றிய நாள்தொட்டே தமிழ் வாணிகரும் தொழிலாளரும் ஜார்ஜ் டவுனில் வாழ்ந்து வந்தனர். குவீன் தெருவில் மாரியம்மன் கோயில். சிறிது தொலைவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சூலியா தெருவின் முனையருகே நாகூர் தர்கா. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் புறப்பட்ட கப்பல்கள் முதலில் அடைந்த பெருந்துறைகளுள் பினாங்கும் ஒன்று. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' 1973 வரை இவ்வழியில் ஓடியது. ஆளும் அரிசியும் மட்டுமா இவ்வழி வந்தன? பாட்டும் வந்தது.

தட்டு வருவதற்கு முன்பே இவ்வூர் கலப்பிசைக்குப் பழகிய ஊர். பார்சி நாடகக் குழுக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு வந்து ஆடின. அவற்றைப் பார்த்து, 1880களில் மாமாக் பூஷி என்பார் மலாய் மொழியில் நடத்திய நாடகமே 'பங்சாவான்' என்னும் கலைக்கு அடியெடுத்துக் கொடுத்தது. சென்னைப் படைப்பிரிவினரோடு வந்த இந்திய முஸ்லிம்களின் வழி பரவியதாகச் சொல்லப்படும் 'போரியா' இவ்வூரின் தனிச்சொத்து. 1920களிலும் 1930களிலும் பங்சாவான் மேடையில் பியானோவும் எக்காளமும் ஜாஸ் தாளமும் ஏறின. ஹோட்டல் நடன அரங்கில் ஒலித்த மெட்டு மறுவாரம் மலாய்ச் சொல் பூண்டு மேடைக்கு வரும். 1929இல் இவ்வூரில் பிறந்த பி. ரம்லி, பின்னாளில் மலாய், இந்துஸ்தானி, ஜாஸ், இலத்தீன் அமெரிக்க மெட்டுகளை ஒருசேர ஆண்டது, இத்தகைய ஒலிச் சூழலின் விளைவே.

இச்சூழலில் தமிழ்த் தட்டுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஊரை விட்டு வந்தவர்க்கு ஊரின் குரலைக் கொடுப்பது ஒன்று. ஒரு நாடகக் குழு கடல் கடந்து வருவது அரிது. வந்தாலும் சில நாளில் திரும்பிவிடும். தட்டோ திரும்பிச் செல்லாது. பிற மொழியாளர் இசையின் நடுவே தமிழ்ப் பாட்டுக்கு ஓர் இருக்கை போடுவது மற்றொன்று. பினாங்கு வானொலிச் சங்கம் 1934இல் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, ஆங்கிலம், மலாய், சீனம் ஆகியவற்றோடு தமிழும் அதில் இடம்பெற்றது. அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது 1938இல் என்பதை எண்ணும்போது, மலாயாத் தமிழரின் செவி எவ்வளவு முற்பட்டு விழித்திருந்தது என்பது விளங்கும்.

தட்டு செய்யப்படும் பொருளிலும் ஒரு நயம் இருக்கிறது. பழைய தட்டின் முதன்மையான மூலப்பொருள் அரக்கு. உலகுக்கு அரக்கை மிகுதியாக அனுப்பிய நாடு இந்தியா. இந்தியக் காட்டுமரத்தில் பூச்சி கட்டிய அரக்கு, 1908இல் தொடங்கிய கல்கத்தாத் தொழிற்சாலையில் தட்டாகித் தமிழ்க் குரலைச் சுமந்தது. அரக்கு உடையும் பொருள். தவறி விழுந்தால் குரலும் உடையும்.

குற்றச்சாட்டும் விடையும்

பொறியில் அடைத்த இசையைப் பழித்தவர்கள் பலர். அமெரிக்க இசைக்குழுத் தலைவர் ஜான் பிலிப் சூசா 1906இலேயே எழுதிய கட்டுரையில், பொறி பாடத் தொடங்கினால் மக்கள் பாடுவதை நிறுத்திவிடுவர் என்று எச்சரித்தார். தமிழிலும் இதே குரல் எழுந்தது. தட்டு மலிந்தது, பாட்டு மலிவாயிற்று என்றனர். 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து பேசும்படம் தொடங்கியபின், படப்பாட்டும் தட்டில் ஏறியது. பழி இன்னும் மிகுந்தது.

இப்பழியில் உண்மை இல்லாமல் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த நாடகங்களில் வள்ளிக்கும் வேடனாய் வந்த முருகனுக்கும் நடக்கும் தர்க்கம், நடிப்பவர் திறத்துக்கேற்ப இரவுதோறும் புதிதாய் விளையும். தட்டு ஒரே ஓர் இரவின் ஒரே ஒரு வடிவத்தைப் பிடித்து நிறுத்தியது. பின்வந்தோர் அதனையே மூலமாகக் கொண்டு, அதன் தும்மலைக்கூடப் பின்பற்றத் தொடங்கினர். உயிர்மரபு உறைந்துபோவது ஓர் இழப்பே.

ஆயினும் அந்த இழப்பைத் தட்டின்மீது மட்டும் சுமத்துவது நீதியன்று. பாட்டுப் புத்தகமும் அதையே செய்தது. இன்னும் குறைவாகக் கொடுத்துவிட்டுச் செய்தது. காலணா, அரையணா விலையில் நாடகக் கொட்டகை வாயிலில் விற்ற அச்சுப் புத்தகத்தில் சொல் இருந்தது, ராகத்தின் பெயர் இருந்தது, தாளத்தின் பெயர் இருந்தது. ஓரத்தில் சொல் அச்சிட்ட காகிதச் சுருளைப் போல அதுவும் ஒரு கட்டளைத் தாளே. குரல் அதில் இல்லை. மேலும், மேடைக் கச்சேரியில் தெலுங்குக் கீர்த்தனைகள் கோலோச்சிய நாளில், தமிழ் நாடகப் பாட்டும், தேசியப் பாட்டும், பக்திப் பாட்டும் தட்டில் விலைபோயின. மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் எழுதிய விடுதலைப் பாட்டுகள் தட்டேறி ஊரூராய்ச் சென்றன. 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடித் தீர்மானம் செய்தது. தமிழ்ப் பாட்டைக் கேட்க மக்கள் உண்டு என்பதைத் தட்டு அதற்கு முன்னரே கடைத்தெருவில் மெய்ப்பித்திருந்தது.

தட்டின் மதிப்பை வாணிகர் முன்னமே உணர்ந்திருந்தனர் என்பதற்குப் பாரதியார் பாடல்களின் வரலாறு சான்று. நூல் உரிமை வேறு, ஒலிப்பதிவு உரிமை வேறு என்று பிரிந்து, பின்னது தனிச்சொத்தாய்க் கைமாறி, ஏ.வி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. அவரே சரஸ்வதி ஸ்டோர்ஸின் வழி தட்டு விற்பனையில் வளர்ந்தவர். இறுதியில் 1949இல் சென்னை அரசு தலையிட்டு, பாரதியின் பாட்டைப் பொதுச் சொத்தாக்க வேண்டியதாயிற்று. புலவர்கள் அச்சிட்ட பாட்டையே பாட்டு என்று எண்ணியிருந்த காலத்தில், பாடப்பட்ட பாட்டும் ஒரு சொத்து என்பதை வாணிகம் கண்டுகொண்டது.

பாடவேறுபாடு காணும் பணி

தட்டை மூலபாடமாகக் கொள்வதற்கும் ஒழுங்கு வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்கதன்று தட்டு. 1925க்கு முற்பட்டவை ஊதுகுழல் வழிப் பதிந்தவை. தாழ்ந்த ஒலியும் மிக உயர்ந்த ஒலியும் அவற்றில் சரியாகப் பதியா. மிருதங்கத்தின் தொப்பி காதில் விழவில்லை என்பதால் அன்று அதை வாசிக்கவில்லை என்று முடிவு கட்டலாகாது. சுழற்சி வேகமும் அக்காலத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறியது. வேகம் சற்று மிகுந்தால் சுருதி ஏறும்; குரல் மெலியும்; பிருகா விரையும். ஆகவே 'இத்தனை கட்டைச் சுருதியில் பாடினார்' என்று தட்டைக் கொண்டு மட்டும் சொல்வது ஏடெழுதியவன் பிழையை ஆசிரியர் கூற்றாகக் கொள்வதை ஒக்கும்.

இவ்வகை எச்சரிக்கை தமிழறிஞர்க்குப் புதிதன்று. பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறித்தல் அவர்களுடைய கைவந்த கலை. ஒரே விருத்தத்தை மூவர் பாடிய தட்டுகளை அருகருகே வைத்துக் கேட்டால், யார் எங்கே சீர் பிரித்தார், எச்சொல்லை மாற்றினார், எவ்வடியை விட்டார் என்பன புலனாகும். அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தை நான்காவது சாட்சியாக அழைக்கலாம். மொழிநூலார்க்கும் இதில் பங்கு உண்டு. சென்னை மாகாண மொழிகளையும் கிளைமொழிகளையும் தட்டில் பதிந்து, அப்பதிவுகளுக்குரிய பாடங்களைச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் நூலாகவே வெளியிட்டது. நூறாண்டுகளுக்கு முந்திய தமிழ் ஒலிப்பை, ஊகத்தால் அன்றிக் காதால் அறிய வாய்த்திருக்கும்போது அதை விட்டுவிடுவது அறிவுடைமை ஆகாது.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் நாடக நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் ஏனைய நூல்களுக்கு இணையாகப் பேணியது. அந்த மனப்பான்மையே இங்கும் வேண்டுவது. பினாங்கு, ஈப்போ, கிள்ளான் ஆகிய ஊர்களில் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது, தாளுறை கிழிந்த கருந்தட்டுகள் வெளிப்படுவதுண்டு. ஊசியும் பெட்டியும் இல்லாத வீட்டில் அவை வெறும் சுமையாகத் தோன்றும். அவற்றின் முகப்புச் சீட்டில் உள்ள பாட்டின் பெயர், பாடியவர் பெயர், எண் ஆகிய மூன்றையும் குறித்துவைத்தல் ஒரு பள்ளி மாணவனாலும் இயலும். ஒலியைக் கணினியில் ஏற்றுவது அதற்கு அடுத்த படி. ஒரு பள்ளியின் தமிழ்க் கழகம் ஓராண்டில் ஐம்பது தட்டுகளின் பட்டியலைத் தொகுத்தாலும், அது நாளைய ஆராய்ச்சிக்குச் சுவடிப் பட்டியலை ஒத்த கருவியாகும்.

வகுப்பறையிலும் இதற்கு இடம் உண்டு. சிந்துக்கு இலக்கணம் கூறி, எடுத்துக்காட்டை எழுத்தில் காட்டி, மனப்பாடம் செய்வித்து முடிக்கும் பாடத்தில், பழைய தட்டு ஒன்றை மூன்று நிமிடம் ஒலிக்கவிட்டு, எந்த எழுத்து எத்தனை மாத்திரை நீண்டது என்று மாணவரைக் குறிக்கச் சொல்லலாம். உயிர் எங்கே அளவு கடந்தது, ஒற்று எங்கே இசை பெற்றது என்று அவர்கள் விரல் மடித்து எண்ணும்போது, நூன்மரபின் கடைசி நூற்பா உரையாசிரியரின் துணையின்றியே விளங்கிவிடும்.